ஐந்தாவது உறுப்பினர்

1971 செப்டம்பர் 3 — 2.00
1971 அக்டோபர் 4 — 2.00
1971 நவம்பர் 3 — 2.00
1976 ஜனவரி 5 — 3.00
1983 ஜூலை 4 — 5.00
1994 ஏப்ரல் 4 — 5.00
2003 நவம்பர் 3 — 5.00

இவை மணியார்டர்கள். மொத்தம் முந்நூற்று எண்பத்தேழு. இடையில் வந்தவற்றை இங்கே எழுதவில்லை, என்னிடம் இருக்கின்றன. எல்லாமே ஒரே ஆள் எங்கள் சங்கத்துக்கு அனுப்பிய மாதச் சந்தா. சங்கச் செயலாளர் என்ற முறையில் ஒவ்வொன்றிலும் 'வாங்க மறுப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியவன் நான். இரண்டு தடவை சந்தாவை உயர்த்தினோம். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று தீர்மானம் இருந்தது. அறிவிப்புப் பலகையைப் பார்த்து அவராகவே தொகையைக் கூட்டி அனுப்பினார்.

அவர் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் உலைக்காரர். பதினாறு வயதில் கரி அள்ள வந்து, முப்பது வயதில் உலைக்கே பொறுப்பாளர் ஆனவர். நீலக்கண்ணாடி வழியாக உலைக்குள் எட்டிப் பார்த்துப் பார்த்துப் புருவம் முளைப்பதை நிறுத்திக்கொண்டது. 'மொட்டைப் புருவம்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"புருவம் எதுக்குடா? ஆச்சரியப்படத்தானே? உங்களையெல்லாம் பாத்தப்புறம் எனக்கு எதுக்குமே ஆச்சரியம் வர்றதில்ல" என்பார்.

உலையை அவர் 'மாமியார்' என்பார். "ராவும் பகலும் தூங்க மாட்டா. வயிறு நிறையாது. ஒரு வேளை கவனிக்காம விட்டோம்னா வீட்டையே உடைச்சிருவா." சிரிப்புக்குச் சொன்னாலும் அது உண்மை. அந்த உலையில் ஆயிரத்து நானூறு டிகிரியில் கண்ணாடிக் குழம்பு எப்போதும் நிறைந்திருக்கும். கட்டிய நாளிலிருந்து இடிக்கும் நாள் வரை அதை அணைக்கக் கூடாது. சூடு இறங்கினால் குழம்பு கல்லாக இறுகும். செங்கல் சுவர் வெடிக்கும். அப்புறம் உடைத்துப் புதிதாகத்தான் கட்ட வேண்டும். அதற்கு ஒரு வருடமாவது பிடிக்கும், முதலாளிக்கு மனம் இருந்தால்.

நான் அதே தொழிற்சாலையில் டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று எழுதுவது என் வேலை. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சங்கத்துக்கும் என்னையே செயலாளராக்கினார்கள். சங்க விதிகள் முப்பத்தொன்று. பதினான்காவது விதியை, கோரம் பற்றியது, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்பது, நான் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். முதல் விதி சங்கத்தின் நோக்கம். அதற்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும்.

1971 ஜூன் 14 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. உலைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்டை எட்டாகக் குறைக்க வேண்டும், தீக்காயம் பட்டால் வைத்தியச் செலவு கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் கோரிக்கை. நிறுத்தம் முடியும்வரை கேட்டைத் தாண்டக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். தாண்டுகிறவரோடு பேச்சில்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை. சங்கம் கூடி அதை ரத்து செய்யும்வரை. சூப்பர்வைசர்கள் ஐந்து பேர் உள்ளேயே படுத்து எழுந்து, தட்டுத்தடுமாறி உலையை எரியவைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 13, முப்பதாம் நாள், மாலை மூன்று இருபதுக்கு உலைக்காரர் என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"அண்ணே, சிம்னிய பாத்தீங்களா?"

"பாத்தேன். புகை வருதே."

"புகைய யாரு கேட்டா? சிம்னிக்கு மேல காத்து ஆடணும், கானல் மாதிரி. காலையிலேர்ந்து ஆடல. ஒரு பக்கத்து பர்னர் அடைச்சுக்கிச்சு. அவங்களுக்கு அதைக் கழட்டவே தெரியாது."

"அதுக்கு?"

"நாளைக் காலைக்குள்ள சரி பண்ணலன்னா மாமியார் போயிருவா. நாம ஜெயிச்சுட்டு எங்கண்ணே போய் வேலை செய்யறது? இருநூத்துப் பன்னெண்டு குடும்பமும் வெறும் கேட்டைப் பாத்துக்கிட்டு நிக்கணும்."

"கமிட்டியக் கூட்டணும்னா மூணு நாள் நோட்டீஸ் குடுக்கணும்."

"மூணு நாள் கழிச்சு அதுல பாட்டில் வராது. அம்மிக்கல்லு வேணா வரும்."

நான் யோசித்தேன். சரி என்றால் செயலாளரே கேட்டை மீறச் சொன்னதாக ஆகும். வேண்டாம் என்றால் உலை போகும். இரண்டையும் நான் சொல்லவில்லை.

"நீ இங்க வரவே இல்ல. எங்கிட்ட எதுவும் சொல்லல. நானும் எதுவும் கேக்கல" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சரிண்ணே. நீங்க கேக்கல" என்றார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். போனார்.

ஆறு பத்துக்குக் கேட்டைத் தாண்டினார். எதிர்ச்சாரிக் கடையில் நின்று நான் மணியைக் குறித்துக்கொண்டேன். மறுநாள் காலை ஐந்து மணிக்கு வெளியே வந்தார். முழங்கை வரை தோல் உரிந்திருந்தது. மேனேஜர் இரட்டைச் சம்பளம் தருவதாகச் சொன்னாராம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமலே வந்துவிட்டார். ஆகவே ஒற்றைச் சம்பளம்கூட இல்லை. கேட்டில் மறியலில் இருந்தவர்கள் காறித் துப்பினார்கள். சிம்னிக்கு மேலே காற்று ஆடிக்கொண்டிருந்தது.

ஜூலை 25 அன்று நிர்வாகம் இரண்டு கோரிக்கைகளையும் ஏற்றது. மறுநாளே பாட்டில் ஓடியது. உலை சூடாக இருந்ததால்தான் ஓடியது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை, பொதுக்கூட்டம். தலைவர் பாட்டில் ஊதுகிற வேலைக்காரர். ஊதி ஊதிக் கன்னம் தொங்கிப்போன மனிதர், குரல் மட்டும் ஊதல் மாதிரி. அவர் கேட்டார்: "போறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொன்னியாப்பா? சொல்லியிருந்தா சொல்லு, விஷயமே வேற."

நான் மேசையில் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேனா காகிதத்தைத் தொட்டபடி இருந்தது. உலைக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எழுதி ஒண்ணும் குடுக்கலீங்க" என்றார்.

நான் எழுதினேன்: 'எழுத்து மூலமாக முன்னறிவிப்பு எதுவும் தரப்படவில்லை.' அந்தக் குறிப்பேட்டில் நான் எழுதிய ஆயிரக்கணக்கான வாக்கியங்களில் இதைவிடச் சரியானது இல்லை. இதைவிடப் பெரிய பொய்யும் இல்லை.

அவரை ஒதுக்கிவைக்கச் சம்மதிக்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார் தலைவர். எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. ஒன்று அதிகமாக இருக்கிறதே என்று மறுபடி எண்ணினேன். உலைக்காரரும் கை தூக்கியிருந்தார், கட்டுப்போட்ட கையை.

"அடப்பாவி, ஒனக்கு எதிரா நீயே தூக்கறியே!" என்று யாரோ சிரித்தார்கள்.

"தீர்மானம் சரியானதுதானே? ஆளாளுக்குக் கேட்டைத் தாண்டுனா சங்கம் எப்படி நிக்கும்?" என்றார் அவர். அதுதான் சங்கத்தில் அவர் கடைசியாகப் பேசியது. கூட்டம் முடிந்ததும் பத்துப் பதினைந்து பேர் வந்து, நடுநிலையாக நடத்தினேன் என்று என் கையைக் குலுக்கினார்கள்.

பேசாமல் உலை வேலை நடக்காது. ஆகவே கமிட்டி ஒரு வழி கண்டுபிடித்தது. உலைக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டுப் பலகை மாட்டப்பட்டது. சூடு எவ்வளவு, எந்தப் பக்கம் எரிகிறது என்று அவர் எழுதுவார், மற்றவர்கள் படித்துக்கொள்வார்கள். அது பேச்சு அல்ல, வேலை ஆவணம் என்று விளக்கம் எழுதியவனும் நானே. இருபத்துமூன்று வருடம் அந்தப் பலகையைத் தினமும் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றினேன். அவர் ஒன்பது எழுதினால் வால் நீளமாக இருக்கும்.

1984 மே 11 அன்று எண்களுக்குக் கீழே இரண்டு வரி இருந்தது. 'பொண்ணுக்குக் கல்யாணம். 27ந்தேதி ஞாயிறு. எல்லாரும் வரணும்.' அவர் நான்கடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். அந்த இரண்டு வரி வேலை ஆவணம் ஆகாது. ஈரத் துணியை எடுத்து நானே அழித்தேன். எண்களை மட்டும் விட்டேன்.

கல்யாணத்துக்குத் தொழிற்சாலையிலிருந்து யாரும் போகவில்லை. என் மனைவி போனாள். "உங்க சங்கம் எனக்கா தீர்மானம் போட்டுச்சு?" என்று கேட்டுவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். திரும்பி வந்து சொன்னாள்: "நூறு நாற்காலி போட்டிருக்காங்க. எதுல உக்கார்றதுன்னு தெரியாம நின்னேன். அந்தப் பொண்ணு வந்து, எங்க வேணா உக்காருங்க அத்தை, இடத்துக்கா பஞ்சம்னுச்சு."

மாதாமாதம் மணியார்டர் வரும்போதும் அவள் சும்மா இருக்க மாட்டாள். "அவரு அனுப்பறாரு, நீங்க திருப்பறீங்க. உங்க ரெண்டு பேராலதான் போஸ்டாபீசே ஓடுது."

1978 ஆண்டுக்கூட்டத்தில் ஒரு இளைஞர் எழுந்து, ஒதுக்கிவைத்தது போதும், ரத்து செய்யலாம் என்றார். பழைய குறிப்பைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். 'எழுத்து மூலமாக முன்னறிவிப்பு எதுவும் தரப்படவில்லை.' "ஒரு வார்த்தை சொல்லாமக் கொள்ளாமப் போனவனுக்கு என்ன பரிதாபம்?" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. விஷயம் அத்தோடு முடிந்தது. நான் படித்தது எழுத்துக்கு எழுத்து சரி.

1994 மார்ச்சில் தொழிற்சாலை மூடப்பட்டது. எல்லோரும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாறிவிட்டார்கள். உலையை அணைத்த அன்று அவர் மட்டும் அருகில் நின்றார் என்று வாட்ச்மேன் சொன்னான். சங்கத்தை நான் கலைக்கவில்லை. கலைக்க முக்கால்வாசிப் பேரின் கையெழுத்து வேண்டும்; பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. வருடா வருடம் உறுப்பினர் குறைந்தார்கள். சிலர் சந்தாவை நிறுத்தினார்கள், சிலர் செத்தார்கள். 2000ஆம் ஆண்டில் தலைவர், நான், பேக்கிங் பகுதியில் இருந்த ஒரு அக்கா, பாட்டில் அச்சு மெக்கானிக் ஆக நான்கு பேர் மிஞ்சினோம். ஐந்தாவது உறுப்பினர் உலைக்காரர். சந்தா செலுத்த முன்வருகிறவரின் பெயரை நீக்க விதியில் இடமில்லை. கோரம் ஐந்து.

எங்கள் வீட்டு முன்னறையில் நான்கு பேரும் கூடுவோம். நோட்டீசைப் படிப்பேன். கோரம் இல்லை என்று எழுதி ஒத்திவைப்பேன். டீ குடித்துவிட்டுக் கலைவோம்.

"அவனையும் கூப்புட்டா அஞ்சு ஆயிருமில்ல? கூப்புட்டு, ரத்து பண்ணி, அவன் கையாலயே ஒரு டீ வாங்கிக் குடிச்சிட்டுப் போவோம்" என்றார் தலைவர். 2001இல் ஒரு தடவை, 2002இல் ஒரு தடவை.

"நோட்டீஸ் அனுப்பறதும் பேச்சுதான் தலைவரே. ரத்து ஆகாம அனுப்ப முடியாது."

"ரத்து ஆகணும்னா?"

"கோரம் வேணும்."

பேக்கிங் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். தலைவர் இருமி இருமிச் சிரித்தார். "நீ சாகறப்பகூட எமனுக்கு மூணு நாள் நோட்டீஸ் குடுத்துட்டுதான்யா சாவே" என்றார்.

2003 நவம்பர் 19 அன்று தலைவர் காலமானார். அடக்கத்திலிருந்து திரும்பி வந்து விதிப்புத்தகத்தைப் பிரித்தேன். மூன்று பேரும் உலைக்காரரும் சேர்ந்தால் நான்கு. கோரம் இனி ஒருபோதும் சேராது. விதிப்படி அவரை விடுவிக்கக் கடைசி வாய்ப்பு தலைவரோடு போய்விட்டது. சொல்லியிருந்தால் விஷயமே வேறு என்ற அந்த மனிதரிடமும் நான் கடைசிவரை சொல்லவில்லை.

டிசம்பரில் மணியார்டர் வரவில்லை. ஐந்தாம் தேதி, ஆறாம் தேதி, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, திருப்பி அனுப்பக் கை அரிக்குதா?" என்றாள் மனைவி. பிறகு குரல் மாறிச் சொன்னாள்: "அவருக்குக் கண்ணு சுத்தமா தெரியலையாம். நுரையீரலும் போச்சாம். பொண்ணு வீட்டோட இருக்காரு. அவரு வீட்டம்மா போன்ல சொன்னாங்க."

நான் வாசலிலிருந்து எழுந்து உள்ளே வந்தேன்.

"அன்னைக்கு நான் சமையலறையிலதான் இருந்தேன்" என்றாள்.

"என்னைக்கு?"

"அவரு தண்ணி கேட்டாரே, அன்னைக்கு. குடுத்தது யாரு? அவரு சொன்னதும் கேட்டுச்சு. நீங்க கேக்கலன்னு சொன்னதும் கேட்டுச்சு."

"முப்பத்திரெண்டு வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

எழுத எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஏழு நகல் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு விதி எண் வந்து உட்கார்ந்துகொண்டது. 2004 பிப்ரவரி 12 அன்று அனுப்பியதில் நான்கு வரிதான். '1971 ஜூலை 13 மாலை மூன்று இருபதுக்கு நீ என் வீட்டுக்கு வந்தாய். உலை போய்விடும் என்று சொன்னாய். நான் கேட்டேன். குறிப்பேட்டில் மறைத்தேன்.' மன்னிப்பு என்ற சொல்லைப் போடவில்லை. எந்தக் கையால் போடுவது?

பிப்ரவரி 26, வியாழன், பதில் வந்தது. எழுதியது மகள், சொன்னது அவர். அதை அப்படியே தருகிறேன்.

'அண்ணே, நீங்க கேட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? அதனாலதான் போனேன். போகாதடான்னு சொல்லியிருந்தா போயிருக்க மாட்டேன். செயலாளர் தடுக்கல, அப்ப சங்கம் தடுக்கலன்னு நினைச்சுக்கிட்டேன். கூட்டத்துல உங்க பேரைச் சொல்லியிருந்தா சங்கம் அன்னைக்கே ரெண்டா உடைஞ்சிருக்கும். ஜெயிச்சு ஒரு வாரம்தான் ஆகியிருந்துச்சு. அதான் கையத் தூக்கினேன். மத்ததெல்லாம் போகட்டும். தலைவர் இருக்கறப்ப அவருகிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்ண்ணே. அவரு என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவாரு, அதுதான் எனக்குத் தாங்காது. இப்ப எல்லாரும் போனப்புறம் யாருக்குச் சொல்றீங்க? ஒரு நாள் வாங்க. கண்ணு தெரியாது, காது கேக்கும்.'

அதன் கீழே மகள் தன் பங்குக்கு ஒரு வரி எழுதியிருந்தாள். 'அப்பா உங்களை வரச் சொல்கிறார். நான் கூப்பிடவில்லை.'

சங்கத்தைக் காப்பாற்றியது அவர். நான் காப்பாற்றியது குறிப்பேட்டை. அன்று முழுவதும் அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஊருக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரம். முதல் வண்டி காலை ஆறு நாற்பது. ஆனால் வீடு மகளுடையது. வீட்டுக்காரி கூப்பிடாத வீட்டில் எப்படிக் காலெடுத்து வைப்பது? அவள் வாசலில் நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டால் என்ன பதில் சொல்வது? வெள்ளி யோசித்தேன், சனி யோசித்தேன், ஞாயிறும் யோசித்தேன்.

"பஸ் ஏறவும் கோரம் வேணுமா?" என்றாள் மனைவி.

மார்ச் 1, திங்கள்கிழமை, மகளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அப்பாவைப் பார்க்க வர விரும்புகிறேன். அதற்கு உன் சம்மதத்தை எழுத்து மூலமாகத் தெரிவித்தால் உடனே புறப்படுவேன் என்று எழுதியிருந்தேன். தபாலில் போட்டுவிட்டு வந்ததும், சரியானதைச் செய்துவிட்டதாக நினைத்து நன்றாகத் தூங்கினேன்.

அவள் பதில் ஒரு கார்டில் இருந்தது. 'உங்கள் கடிதம் ஐந்தாம் தேதி வந்தது. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தார். ஆறாம் தேதி காலை இறந்துவிட்டார். இனிமேல் எழுத வேண்டாம்.'

அந்தக் கார்டு வந்து சேர்ந்தது 2004 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை.